கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்?

என் வாய்க்குப் பூட்டே கிடையாது என்று எங்கள் கிளினிக்கில் சொல்வார்கள். உண்மைதான். மலையேறி வரும் டாக்டரம்மா அரை மணி நேரம் தாமதித்தால், வெளியே எத்தனை பேர் காலையிலிருந்து வெறும் வயிற்றோடு காத்திருக்கிறார்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். மனைவிக்கு ஊசி போடும்போது செல்போனை நோண்டிக்கொண்டிருக்கும் கணவன்மாரை எழுப்பி வெளியே அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் ஒரு விஷயத்தில் எட்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. அதற்கான வேதனையை அனுபவித்தது வேறொருத்தி.

குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே, ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருக்கிறது எங்கள் கிளினிக். குழந்தை இல்லாதவர்களுக்கான இடம். கருமுட்டை எடுப்பது, லேபில் கரு உண்டாக்குவது, அதைத் திரும்பக் கருப்பையில் வைப்பது எல்லாம் கோயம்புத்தூரில். இங்கே விசாரணை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஊசி, அவ்வளவுதான். டாக்டரம்மா வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் நானும் ரத்தம் எடுக்கும் ஒரு பெண்ணும் மட்டும். மழை இல்லாத நாளில்கூடக் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டுதான் பலரும் படியேறுவார்கள். யாராவது பார்த்துவிட்டால் கீழே சளி மருந்து வாங்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். அதற்காகத்தான் இந்த மாடியை வாடகைக்குப் பிடித்தார்களோ என்று நான் கேலி செய்வதுண்டு.

எனக்குக் கைராசி உண்டு என்று ஒரு பேர். நான் ஊசி போட்ட மூன்று பெண்களுக்கு ஒரே மாதத்தில் கரு தங்கியது. அன்றிலிருந்து, அந்த சிஸ்டர் கையால்தான் போட வேண்டும் என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். மருந்தை நான் தயாரிக்கவில்லை, அளவை நான் சொல்லவில்லை, ஊசியைக் குத்துவது மட்டும்தான் நான். வெளியே சிரித்து மறுப்பேன். உள்ளுக்குள் பிடித்திருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிற்பாடு நான் செய்ததற்கு இந்தப் பெருமையும் ஒரு காரணம்.

புதிதாக வருகிற தம்பதியிடம் குடும்ப விவரம் கேட்டு எழுதுவது என் வேலை. ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் என்றால் குறுக்கே ஒரு கோடு. மூன்று தலைமுறை. சொந்தத்தில் கல்யாணமா, பிறந்து இறந்த குழந்தை உண்டா, யாருக்காவது அடிக்கடி ரத்தம் ஏற்றினார்களா என்று வரிசையாகக் கேட்க வேண்டும். ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும் என்பதுதான் முறை. ஆனால் எங்களிடம் ஹீட்டர் ஒன்றுதான் இருந்தது. டிசம்பர், ஜனவரியில் பக்கத்து அறையில் பேனா பிடிக்க விரல் மடங்காது. அதனால் எல்லோரையும் ஹீட்டர் இருக்கும் அறையில் ஒன்றாக உட்கார வைத்து நான் கேட்டுவிடுவேன். கணவன், மனைவி, கூடவே மாமியார். வேலையும் சீக்கிரம் முடியும்.

அந்தப் பெண்ணும் அப்படி ஒரு ஜனவரியில்தான் வந்தாள். இருபத்தெட்டு வயது. கல்யாணமாகி ஆறு வருடம். இரண்டு கருக்குழாய்களும் அடைப்பு. பிறந்த வீடு சேரங்கோட்டுப் பக்கம், அப்பா அம்மா இருவரும் தேயிலைத் தோட்டத்தில் வேலை. புகுந்த வீட்டார் எங்கள் பஜாரில் வர்க்கியும் பன்னும் போடும் பேக்கரி வைத்திருந்தார்கள். மாமனார் காலமாகிவிட்டார். கணவன் அதிகம் பேசாதவர். மாமியார் அவருக்கும் சேர்த்துப் பேசினார்.

கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். ஒரு தங்கச்சி மட்டும் என்றாள் அந்தப் பெண். கணவனிடம் கேட்டேன். ஒரே பிள்ளை என்று மாமியார் சொன்னார். குடும்பத்தில் குழந்தை ஏதாவது பிறந்து இறந்திருக்கிறதா என்று நான் அடுத்த கேள்விக்குப் போனதும் மாமியார் கையை உயர்த்தித் தடுத்தார்.

"நல்ல காரியத்துக்கு வந்திருக்கறமுங்க சிஸ்டர். வாயில நல்லதே வரட்டுங்க. எங்க ரெண்டு பக்கமும் ஒரு கொறையும் இல்லீங்க."

நானும் இந்த ஊர்க்காரிதான். சுபமான காரியம் தொடங்குகிற இடத்தில் செத்த பிள்ளையின் பேச்சை எடுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டிலேயே அப்படித்தான். அந்த வரிசை முழுக்க 'இல்லை' என்று எழுதினேன். வட்டமும் கட்டமும் அவ்வளவு சுத்தமாக எந்தக் குடும்பத்துக்கும் வராது என்று இத்தனை வருட அனுபவத்தில் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வெளியே இன்னும் ஐந்து தம்பதிகள் இருந்தார்கள்.

அவளுடைய ரத்த ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் குறைவாக இருந்தது. சிவப்பணுக்கள் அளவில் சிறியவை என்றும் போட்டிருந்தது. தோட்டத்திலிருந்து வருகிற பெண்களுக்கு எப்போதும் இருப்பதுதான். சோறும் டீத்தண்ணியுமாக வளர்ந்த உடம்பு, ரத்தம் எங்கிருந்து வரும்? இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, டீயோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்று அதட்டி அனுப்பினேன். மூன்று மாதம் சாப்பிட்டும் ஏறவில்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று அவளைத் திட்டினேன். ஒரு வேளைகூட விடவில்லை சிஸ்டர் என்றாள். நான் நம்பவில்லை.

ஏப்ரலில் ஊசி தொடங்கியது. தினம் சாயந்திரம் ஆறு மணிக்கு, தொப்புளுக்குப் பக்கத்தில். அவர்கள் வீடு பேக்கரிக்கு மேலேயே இருந்ததால் வேலை முடிந்து போகிற வழியில் நானே போட்டுவிட்டுப் போவேன். மருந்து பேக்கரி ஃப்ரிட்ஜில் பால் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் இருக்கும். கேட்பவர்களிடம் சர்க்கரை ஊசி என்று மாமியார் சொல்லி வைத்திருந்தார். சர்க்கரை ஊசி போடுகிற மருமகளுக்கு எதற்கு தினம் ஒரு தேங்காய் பன் என்று நான் கேட்டதற்கு அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எட்டாவது நாள் மாமியார் கடையில் இருந்தார். ஊசி போட்டு முடித்துப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான் சிஸ்டர். ஆறு வயசுல போயிட்டான். மாசாமாசம் ரத்தம் ஏத்தணும்."

தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறப் போவது அவள் வேலையாக இருந்திருக்கிறது. கூடலூர் போய், அங்கிருந்து கோயம்புத்தூர். ரத்தம் ஏற்றினால் பத்து நாள் ஓடி விளையாடுவான், பிறகு வெளுத்துச் சுருண்டு விடுவான். வயிறு மட்டும் பெருத்திருக்கும். அவன் போன பிறகு, பெண் கேட்டு வந்தவர்களிடம் எங்களுக்கு இரண்டும் பெண்பிள்ளைகள் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். ரத்தக் கோளாறு உள்ள வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

"அத்தைக்குத் தெரியக் கூடாது. அவருக்கும் தெரியக் கூடாது. உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்" என்றாள்.

அவளுடைய ஏறாத ஹீமோகுளோபினும் சின்னச் சின்னச் சிவப்பணுக்களும் அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டன. தலசீமியா. ரத்தம் சரியாக உருவாகாத பரம்பரை நோய். அந்தக் குறையைச் சுமப்பவர்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் தாய் தகப்பன் இருவருமே சுமப்பவர்களாக இருந்தால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு. இவள் சுமக்கிறாள். கணவனும் சுமக்கிறாரா என்று ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அவரும் அப்படி என்றால் கருவை உள்ளே வைப்பதற்கு முன்பே சோதித்து, நல்லதை மட்டும் வைக்கலாம். அதற்குத்தான் இந்த வைத்தியத்தில் வழி இருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். பாடம் படித்துத்தான் நர்ஸ் ஆனேன்.

சொல்லவில்லை. டாக்டரம்மாவிடம் சொன்னால் கணவனுக்குப் பரிசோதனை, ஏன் எதற்கு என்ற கேள்வி, வீட்டில் ரகளை, ஊசி நடுவிலேயே நிற்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இவர்கள் இருவரும் சொந்தம் இல்லையே, அவருக்கும் எப்படி இருக்கப் போகிறது என்று சமாதானம் செய்துகொண்டேன். எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்றும் இருந்தது. ஸ்கேனில் முட்டைகள் நன்றாக வளர்ந்திருந்தன. என் கைராசிக்கு இன்னொரு சாட்சி வரப்போகிறது என்று எனக்கு ஆசை. இப்படி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஒரே ஒரு தடவை முயன்றேன். கோயம்புத்தூருக்கு அனுப்பும் முன் டாக்டரம்மா ஃபைலைப் புரட்டும்போது, இவளுக்கு ரத்தம் ஏறவே இல்லை டாக்டர் என்றேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அப்படித்தானே சிஸ்டர், நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள் என்று அவர் அடுத்த பக்கத்துக்குப் போனார். நான் சொன்ன வார்த்தைதான். தலையாட்டினேன்.

மூன்று கருக்கள் உருவாயின. ஒன்று வளராமல் நின்றுவிட்டது. ஒன்றை வைத்தார்கள், ஒன்றை உறைய வைத்துப் பாதுகாத்தார்கள். இரண்டு வாரத்தில் தங்கிவிட்டது என்று தெரிந்தது. மாமியார் சுடச்சுட வர்க்கி கொண்டுவந்து கிளினிக்கில் இருந்த அத்தனை பேருக்கும் கொடுத்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தப் பெண் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாவது வார ஸ்கேனில் இதயத் துடிப்பு நன்றாகக் கேட்டது. டாக்டரம்மா சிரித்தார், கணவன் அழுதார். அதற்கு மேல் என்னால் மறைத்து வைக்க முடியவில்லை. அன்று சாயந்திரம் அவள் வீட்டுக்குப் போய், டாக்டரிடம் சொல்லப் போகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு சொல்லுங்கள் என்று தலையசைத்தாள்.

டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன். "ரிப்போர்ட்ல வராத விஷயத்தை எல்லாம் அவங்க என்கிட்டயா சொல்வாங்க? உங்ககிட்டத்தான் சொல்வாங்க. அதுக்குத்தானே சிஸ்டர் நீங்க இருக்கீங்க" என்றார். ரிப்போர்ட்டைத் தாமும் சரியாகப் பார்க்கவில்லை என்று அவரே சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். போய்விட்டால் இனி யார் ஒழுங்காகக் கேட்பது என்று கேட்டுவிட்டு ஸ்கேன் அறைக்குப் போய்விட்டார்.

கணவனையும் மனைவியையும் கூப்பிட்டு இருவருக்கும் ரத்தம் எடுத்தோம். இருவருமே சுமப்பவர்கள். எங்கள் பக்கம் யாருக்கும் இப்படி இல்லையே என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்போதுதான் அவள் தன் தம்பியைப் பற்றி அவரிடம் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். கோயம்புத்தூரில் நஞ்சுக்கொடியிலிருந்து துளி எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வர இரண்டு வாரம். குழந்தைக்கு நோய் இருந்தது, கடுமையான வகை.

இன்று மருந்துகள் இருக்கின்றன, ரத்தம் ஏற்றி, இரும்பு படியாமல் பார்த்துக்கொண்டு பல வருடம் வளர்க்கிறார்கள், எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் உண்டு என்று டாக்டரம்மா ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். முடிவு உங்களுடையது என்றார். கணவன் அவளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்துப் பேசினாள்.

"என் தம்பி ஊசியப் பாத்தா அழ மாட்டான் சிஸ்டர். நர்ஸ் வந்ததுமே கைய நீட்டிருவான். என்னால இன்னொரு தடவை அதைப் பாக்க முடியாது."

கலைப்பதற்குக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நானும் கூடப் போனேன். லீவு போட்டுத்தான் போனேன், யாரும் அனுப்பவில்லை. மாமியாரிடம் கரு தானாகக் கலைந்துவிட்டது என்று சொல்ல முடிவாகியிருந்தது. எல்லாம் முடிந்து மறுநாள் காலையில் அவளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் வாங்கிக்கொண்டு போதும் என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நான் சொன்ன அன்னைக்கே நீங்க டாக்டர்கிட்டச் சொல்லியிருந்தா, நல்ல கருவாப் பாத்து வச்சிருப்பாங்களா?"

"ஆமா" என்றேன்.

"நானும்தானே சொல்ல வேணாம்னேன்" என்றாள். அதற்குப் பிறகு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, பயந்துபோய் ரகசியம் சொன்னவள். நான் படித்தவள், சம்பளம் வாங்குபவள். இரண்டு பேர் தப்பும் ஒன்றல்ல என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். இட்லித் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் பக்கத்து அறைக்கு என் சொந்தக் கம்பளி ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டேன். வருகிறவர்களை ஒவ்வொருவராக அங்கே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தேன். உங்கள் அம்மாவுக்கு மொத்தம் எத்தனை பிரசவம், இப்போது எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்பேன். சாத்திய கதவுக்குப் பின்னால் அதுவரை சொல்லாமல் விட்ட எத்தனை பிள்ளைகள் வெளியே வந்தார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். சில நாள் கேட்டு முடித்துவிட்டு நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த மாமியார் தனியாக வந்தார். அந்த அறைக்குத்தான் கூட்டிப்போனேன். மருமகளை நான் ஆஸ்பத்திரியில் கூட இருந்து பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொன்னார். உறைய வைத்த கருவை வைக்கும்போதும் நான்தான் ஊசி போட வேண்டும், என் கைராசி அவருக்குத் தெரியும் என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு சத்தத்தைக் குறைத்தார்.

"ஏனுங்க சிஸ்டர், தானாக் கலைஞ்சதுன்னு சொன்னாங்க. அப்பறம் எதுக்குங்க ரெண்டு பேரு ரத்தத்தையும் எடுத்துப் பாத்தாங்க?"

நான் பதில் சொல்லும் முன் அவரே பேசினார். சொந்தத் தாய்மாமனைக் கட்டியவர் அவர். மகனுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை. மூன்று வயது. வெளுத்து வெளுத்து, வயிறு வீங்கி, ஒரு மழைக்காலத்தில் போய்விட்டது. காமாலை என்று மந்திரித்தார்களாம். மகன் பிறந்தபோது அந்தக் குழந்தை இல்லை. அவனிடம் சொல்லவே இல்லை. அக்கா ஒருத்தி இருந்தாள் என்று அவனுக்கு இன்று வரை தெரியாது.

"அன்னைக்கு நீங்க கேட்டப்போ மருமவ பக்கத்துல ஒக்காந்திருந்தாளுங்க. எப்படிங்க சொல்லுவேன்? எங்க ரத்தத்துல கொறைன்னு தெரிஞ்சா அவ அவங்கப்பன் ஊட்டுக்குப் போயிருவாளோன்னு பயமுங்க."

ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு, ஒருத்திக்குத் தெரியாமல் இன்னொருத்தி ஆறு வருடமாக ஒரே பயத்தைப் பொத்தி வைத்திருந்தார்கள். அன்று நான் அவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டிருந்தால் அரை மணி நேரத்தில் இரண்டும் என் கைக்கு வந்திருக்கும். எனக்கு அழுகை வந்தது, அவர் முன்னாலேயே அழுதேன். மருமகள் பற்றி நான் எதையும் சொல்லவில்லை; அது அவள் சொல்ல வேண்டியது. இதை நீங்கள் உங்கள் மகனிடமும் மருமகளிடமும் சொல்லித்தான் ஆக வேண்டும், டாக்டரிடம் நான் இன்றைக்கே சொல்லிவிடுவேன், அவளிடம் நீங்களே சொன்னால் நல்லது, வேண்டுமானால் நான் கூட வருகிறேன் என்றேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு வாங்க என்று எழுந்தார்.

மகன் பக்கத்து ஊரான கேத்திக்குப் பன் ஆர்டரைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போயிருந்தார். மருமகள் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. மாமியார் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அந்தக் குழந்தையின் பேரையும் சொன்னார். அவள் மடித்த துணியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், என் தம்பிக்கும் அப்படித்தான் அத்தை, ஆறு வயசு என்றாள். இரண்டு பேரும் தொட்டுக்கொள்ளவில்லை. மாமியார் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் கிளம்பினேன். படி வரைக்கும் வந்த அவள் என்னை நிறுத்தினாள்.

"இன்னும் ஒண்ணு கோயம்புத்தூர்ல இருக்குல்ல, அதைச் சோதிக்கச் சொல்லுங்க. முடிவு எப்படி வந்தாலும் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லாதீங்க சிஸ்டர். எல்லாரையும் உக்கார வச்சுச் சொல்லுங்க."

முடிவு வர ஏழு வாரம் ஆனது. டாக்டரம்மா போனில் சொல்லும்போது மணி பதினொன்று. அடுத்த நாள் அவர் வருவார், அதுவரை காத்திருக்கலாம் என்றார். நான் அனுமதி கேட்டு, பேக்கரிக்குப் போய் மூன்று பேரையும் மாடிக்குக் கூப்பிட்டேன். அந்தக் கருவுக்கும் நோய் இருக்கிறது, அதை வைக்க முடியாது என்று சொன்னேன். மணி பன்னிரண்டுகூட ஆகியிருக்கவில்லை.